இவரே பொருத்தமானவர்

சுடர்விழி டீச்சருக்குக் கோபம் வந்தா குரல் ஏறாது, எறங்கும். அந்தப் பள்ளிக்கூடத்துல ஒண்ணாப்புப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். டீச்சர் கத்திக்கிட்டு இருக்க வரைக்கும் பயமில்ல, கடைசி வரிசையில ஒளிச்சு வச்சு நெல்லிக்கா திங்கலாம். பக்கத்துல இருக்கவங்களுக்கு மட்டும் கேக்குற மாதிரி பேச ஆரம்பிச்சுட்டாங்கன்னா அவ்வளவுதான், நோட்டை விரிச்சு வச்சு வாயை மூடிக்கிட்டு ஒக்காந்துக்கிட வேண்டியதுதான். போன ஜூன் மாசம் ஒரு வியாழக்கெழம அந்தக் குரல் எறங்குச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்கு அந்தம்மா யாருகிட்டயும் சத்தமா ஒரு வார்த்தை பேசல.

விஷயம் இதுதான். தலைமையாசிரியர் நாராயணன் சார் மே மாசத்தோட ரிட்டயர் ஆகிட்டாரு. அந்த நாற்காலி சுடர்விழி டீச்சருக்குத்தான்னு ஊர் பூராவும் நெனச்சுக்கிட்டு இருந்துச்சு. டீச்சரும் அப்படித்தான் நெனச்சாங்க, அதுல என்ன வெக்கம்? அந்த வியாழக்கெழம காலையில அதைத் தூக்கி ஜெபக்குமார் சார் கையில குடுத்துட்டாங்க. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

கொடும்பாளூர் பக்கத்துல ஒரு சின்ன ஊர்தான் டீச்சர் பொறந்தது. அப்பா மலையாண்டி கெணறு வெட்டுற ஆளு. ஏதோ ஒரு மேடைப் பேச்சுல கேட்ட பேரை மறக்காம வந்து மகளுக்கு வச்சாரு. பொண்ணு காலையில அஞ்சரை பஸ்ஸுல நின்னுக்கிட்டே போயி புதுக்கோட்டையில கணக்குப் படிச்சுச்சு, பி.எட். முடிச்சுச்சு. திருமயத்துல உரக்கடை வச்சிருக்க நாகராசுவைக் கட்டிக்கிட்டு வந்த மறுவருஷம், 2003 ஜூன்ல, இந்த நடுநிலைப் பள்ளியில சேந்துச்சு. அதே நாள்ல, அதே ரிஜிஸ்தர்ல அடுத்த வரியில கையெழுத்துப் போட்டவருதான் ஜெபக்குமார் சார். அவரு வீடு புதுக்கோட்டை டவுனு. சமூக அறிவியல் வாத்தியாரு.

பள்ளிக்கூடம் இருக்க ஊரு திருமயத்துலருந்து ஸ்கூட்டியில பதினஞ்சு நிமிஷம். அந்த ஊர் வியாபாரக் குடும்பம் ஒண்ணு மூணு தலைமுறைக்கு முன்னாடி ஆரம்பிச்சது. சம்பளம் அரசாங்கம் குடுக்கும், ஆளைப் போடுறது அந்தக் குடும்பம். இப்ப அவங்க யாரும் ஊர்ல இல்ல. பேரன் குமரப்பன்தான் பள்ளிக்குச் செயலர். மெட்ராஸ்ல கம்பெனி, வருஷத்துக்கு ரெண்டு தடவை கார்ல வந்து எறங்குவாரு, கோயிலுக்குப் போயிட்டு அப்படியே பள்ளிக்கூடத்தையும் ஒரு சுத்து சுத்திட்டுப் போயிருவாரு.

நாராயணன் சார் நல்ல மனுஷன். தொல்லையே அதுதான். கோபப்பட மாட்டாரு, யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, காகிதத்தை நீட்டுனா கையெழுத்துப் போடுவாரு. அந்தக் காகிதத்தை எழுதுறது யாரு? சுடர்விழி டீச்சர். எட்டரைக்கு கேட்டைத் தெறக்குறது, தண்ணித் தொட்டி கழுவியாச்சான்னு பாக்குறது, சத்துணவு சாம்பாரை நாக்குல வச்சுப் பாக்குறது, ஆன்லைன்ல வருகைப்பதிவு ஏத்துறது, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், கண் பரிசோதனை, பல் பரிசோதனை எல்லாம் டீச்சர். இதுக்கு நடுவுல ஆறு, ஏழு, எட்டு மூணு வகுப்புக்கும் கணக்கு. ஜெபக்குமார் சார் பாடம் முடிக்காம விட்டா நாலு மணிக்கு மேல அந்தப் பிள்ளைகளையும் ஒக்கார வச்சு சமூக அறிவியலும் டீச்சர்தான். ஒரு ஆளு எத்தனை வேலையத்தான் பாக்கும்? யாரும் கேக்கல. டீச்சரும் ஒரு வேலையையும் கையை விட்டு விடல, அதையும் சொல்லணும்.

ஜெபக்குமார் சார் மோசமானவரு இல்ல. பிள்ளைகளை அடிக்க மாட்டாரு, லீவு எடுக்க மாட்டாரு. கேள்வி பதிலைப் போர்டுல எழுதிப் போட்டுட்டு, எழுதுங்கன்னு சொல்லிட்டு, சன்னல் பக்கம் ஒக்காந்துக்கிடுவாரு. அவரு வகுப்புல இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு ஸ்டாஃப் ரூம்ல ஒரு பேச்சு. அந்தப் பேச்சை ஆரம்பிச்சு வச்சது யாருன்னா, நம்ம டீச்சர்தான்.

2013-ல மொத தடவையா அந்தக் கடுதாசி வந்துச்சு. வருங்காலத் தலைமையாசிரியர்களுக்கான தலைமைப் பண்புப் பயிற்சி, அஞ்சு நாள், புதுக்கோட்டையில, பள்ளிக்கு ஒரு ஆளு. நாராயணன் சார் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "என்னம்மா சுடர், யாரை அனுப்பலாம்? நீ போறியா?" அப்படின்னாரு.

"நான் போனா எட்டாப்பு நின்னுடும் சார். ஜெபக்குமார் சார் போகட்டும். வீடும் அங்கிட்டுத்தான் இருக்கு, பஸ் செலவு மிச்சம். அவரு கிளாஸுக்கும் ஒண்ணும் ஆகிடாது."

ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் சிரிச்சாங்க. ஜெபக்குமார் சாரும் சிரிச்சாரு.

கடுதாசியோட ஒரு படிவம் இருந்துச்சு. பேரு, வயசு, பாடம். கீழ ஒரு கட்டம்: 'இவரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? ஒரு வரியில் எழுதுக.' டீச்சர் பேனாவை எடுத்து ஒரே மூச்சுல எழுதுனாங்க: 'எதிர்காலத்தில் இப்பள்ளியைத் தலைமையேற்று நடத்த இவரே பொருத்தமானவர்.' கட்டத்துல ஏதாவது எழுதணுமே, அதுக்காக எழுதுனது. நாராயணன் சார் படிச்சுக்கூடப் பாக்கல, கையெழுத்தைப் போட்டாரு.

அதுவே வழக்கமாயிருச்சு. வருஷா வருஷம் கடுதாசி வரும், வந்த ஒடனே ஜெபக்குமார் சார் பேரை எழுதுவாங்க, அந்த ஒரு வரியை எழுதுவாங்க. கொரோனா வருஷம் மட்டும் கடுதாசி வரல. மத்தபடி பதினோரு தடவை. இந்தப் பள்ளி மட்டும்னு நெனைக்காதீங்க. எத்தனையோ பள்ளிக்கூடத்துல இதே கூத்துதான். உருப்படியா வேலை பாக்குற ஆளை விட மாட்டாங்க, விட்டா வகுப்பு நின்னுடும். யாரு இல்லாட்டியும் பரவாயில்லையோ அந்த ஆளைப் பொறுக்கி எடுத்து, நாளைக்குப் பள்ளிக்கூடத்தை நடத்தக் கத்துக்கிட்டு வான்னு அனுப்புவாங்க. கேட்டா, பயிற்சியால என்ன பிரயோசனம்னு அவங்களே ஒதட்டைப் பிதுக்குவாங்க. எங்க போயி முட்டிக்கிடுறது?

ஒவ்வொரு தடவையும் ஜெபக்குமார் சார் ஒரு துணிப்பையும் ஒரு சான்றிதழும் கொண்டாருவாரு. பை நல்ல கனமான துணி. ஒண்ணுல சாக்பீஸ் வச்சிருந்தாங்க, ஒண்ணுல சத்துணவு அம்மா கீரை கொண்டாந்துச்சு, ஒண்ணுல சுடர்விழி டீச்சர் தன்னோட டிபன் பாக்ஸைக் கொண்டாந்தாங்க. சான்றிதழை மட்டும் யாரும் கேக்கல, அது சார் வீட்டு பீரோவுல அடுக்கா இருந்துச்சு.

இப்படியே வருஷம் ஓடுச்சு. பள்ளிக்கூடத்துல பிள்ளைக எண்ணிக்கை எறங்கிக்கிட்டே வந்துச்சு. வேன் வச்ச பள்ளிக்கூடம் வீட்டு வாசலுக்கு வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டுப் போச்சு. இருநூத்திப் பத்து இருந்தது நூத்திப் பதினெட்டாச்சு. டீச்சர் மாசாமாசம் பெற்றோர் கூட்டம் போட்டாங்க, நாலு மணிக்கு, டீயும் பிஸ்கட்டும் வாங்கி வச்சு. ஆறு பேரு வருவாங்க. மீதி டீயை ஆறிப் போனப்புறம் வாசல்ல நிக்கிற வேம்புக்கு ஊத்துவாங்க. இந்த ஊர்க்காரங்களுக்குத் தன் பிள்ளை மேலயே அக்கறை இல்லைன்னு டீச்சர் பொரிஞ்சு தள்ளாத நாள் இல்ல.

இப்ப அந்த வியாழக்கெழமைக்கு வாரேன். குமரப்பன் கார்ல வந்து எறங்குனாரு. ஆபீஸ் ரூம்ல ரெண்டு நாற்காலி போட்டு சுடர்விழி டீச்சரையும் ஜெபக்குமார் சாரையும் பக்கத்துப் பக்கத்துல ஒக்கார வச்சாரு. முன்னாடி ரெண்டு ஃபைல். டீச்சரோடது ஒல்லி. சாரோடது தடிமன்.

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல சேந்திருக்கீங்க, சீனியாரிட்டி பேச்சே இல்ல" அப்படின்னாரு குமரப்பன். "டீச்சர் நல்லா வேலை பாக்குறீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் இல்லைங்கல. ஆனா சாரு பதினோரு தலைமைப் பயிற்சி முடிச்சிருக்காரு. நீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க."

"ஏன் போகல?"

"நான் போனா எட்டாப்பு நின்னுடுங்க."

"சரி. சாரை எதுக்கு அனுப்புனீங்க?"

டீச்சருக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு. இவரு வகுப்புல இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான், அதுக்காகத்தாங்க அனுப்புனேன்னு சொல்லணும். அந்த மனுஷன் ஒரு அடி தள்ளி ஒக்காந்திருக்காரு. இருபத்திரெண்டு வருஷம் சேந்து வேலை பாத்த ஆளை வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?

குமரப்பன் தடிமன் ஃபைலைத் தெறந்து ஒவ்வொரு தாளா மேசையில பரப்புனாரு. பதினோரு படிவத்தோட ஜெராக்ஸ். "எல்லாத்துலயும் கையெழுத்து நாராயணன் சார். எழுத்து யாரோடது?"

குண்டு குண்டா, வரி கோணாம, பிள்ளைகளுக்கு மாதிரியா எழுதிப் போடுற எழுத்து. இல்லைன்னு சொல்ல முடியுமா?

"என்னோடதுதாங்க."

குமரப்பன் படிச்சாரு. நெதானமா, மூணு தாளைப் படிச்சாரு. எதிர்காலத்தில் இப்பள்ளியைத் தலைமையேற்று நடத்த இவரே பொருத்தமானவர். எதிர்காலத்தில் இப்பள்ளியைத் தலைமையேற்று நடத்த இவரே பொருத்தமானவர். மூணாவது தாளுக்கு வந்தப்ப டீச்சரோட மூஞ்சி ரத்தமா செவந்து போச்சு.

"நான் மெட்ராஸ்ல இருக்கேன் டீச்சர். இங்க என்ன நடக்குதுன்னு எனக்கு இந்தக் காகிதம்தான் சொல்லுது. ஒங்க எழுத்தையே நம்பாம நான் வேற யாரை நம்புறது?"

என்னத்தச் சொல்ல. வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்துட்டுப் போற ஆளு, ஒரு நாள் பெஞ்சுல ஒக்காந்து ரெண்டு வகுப்பைப் பாத்திருந்தா விளங்கியிருக்கும். அந்த மனுஷன் மேல எனக்குக் கொள்ளைக் கோபம். படிச்சே பாக்காம கையெழுத்துப் போட்ட நாராயணன் சார் மேலயும் கோபம். ஆனா எழுதுன கை எந்தக் கை? அதை நெனச்சா அடுத்தவங்களைத் திட்ட நாக்கு எழ மாட்டேங்குது.

வீட்டுல நாகராசு குதிச்சாரு. "வக்கீலைப் பாப்பம். இத அப்படியே விடக் கூடாது."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுங்க? பதினோரு தாளையும் கொண்டாந்து எம் முன்னாடி வைப்பாங்க" அப்படின்னாங்க டீச்சர். சொன்னது நாகராசுவுக்கே சரியாக் கேக்கல, அவ்வளவு சின்னக் குரல்.

ரெண்டு வாரம் அப்படியே போச்சு. ஒரு நாள் மத்தியானம், ஸ்டாஃப் ரூம்ல சாப்பாட்டு நேரம். அன்னைக்கு வேற யாரும் இல்ல. ஜெபக்குமார் சார் இப்ப தலைமையாசிரியர், இருந்தாலும் பழைய எடத்துலயே ஒக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. டீச்சரால தாங்க முடியல.

"பதினோரு தடவை போனீங்களே சார், அப்படி என்னத்தக் கத்துக்கிட்டு வந்தீங்க? நாலு வார்த்தை சொல்லுங்க, கேப்போம்."

சார் கையைக் கழுவிட்டு வந்து ஒக்காந்தாரு. "சொல்றேன் டீச்சர். ஆனா இத்தனை வருஷத்துல நீங்க இதைக் கேக்குறது இதுதான் மொத தடவை."

டீச்சர் டிபன் பாக்ஸை மூடி பைக்குள்ள வச்சாங்க.

"மொத வருஷம் போயிட்டு வந்தப்ப ஒரு நோட்டு நெறைய எழுதிக்கிட்டு வந்தேன். ஒங்ககிட்ட காட்டலாம்னு ஆபீஸுக்கு வந்தேன். 'சார், ஏழாப்பு சும்மா கெடக்கு, மொதல்ல அங்கிட்டுப் போங்க'ன்னீங்க. பை நல்லாருக்குன்னு பையை மட்டும் வாங்கிக்கிட்டீங்க." மேசை மேல இருந்த டிபன் பையைப் பாத்தாரு. "நான் எப்படிப்பட்ட வாத்தியாருன்னு எனக்குத் தெரியாதா? என்னைய எதுக்கு அனுப்புறீங்கன்னும் தெரியும். எல்லாரும் சிரிச்சப்ப நானும் சிரிச்சேன், வேற என்ன செய்யச் சொல்றீங்க? அங்க போனா அஞ்சு நாளைக்கு நான் சொல்றதையும் நாலு பேரு கேட்டாங்க. அதுக்காகவே போனேன்."

அலமாரியில இருந்து ஒரு நோட்டை எடுத்து டீச்சர் முன்னாடி வச்சுட்டு வெளிய போயிட்டாரு.

டீச்சர் தெறந்து பாத்தாங்க. சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் ஒழுங்கா எழுதியிருந்தாரு. ஆறாவது பக்கம், அறந்தாங்கிப் பக்கத்துத் தலைமையாசிரியை ஒருத்தங்க பயிற்சியில பேசுனதாம்: 'நாலு மணிக் கூட்டத்துக்கு அம்மாக்கள் வர மாட்டார்கள். அப்போதுதான் வேலை முடிந்து வந்து ஆட்டைக் கட்டி உலை வைப்பார்கள். நூறு நாள் வேலை நடக்கிற கண்மாய்க்கே நாம் போக வேண்டும். அரை மணி நேரத்தில் எல்லாரிடமும் பேசிவிடலாம்.' தேதி, 2013 நவம்பர்.

ஆறிப் போன டீயை எத்தனை வருஷம் வேம்புக்கு ஊத்துனாங்க. ஊர்க்காரங்களை எத்தனை வருஷம் வஞ்சாங்க. அத்தனை நாளும் இந்த நோட்டு அலமாரியில, பத்தடி தூரத்துல கெடந்திருக்கு.

இன்னும் நாலு பக்கம் தள்ளி ஒரு தலைப்பு: 'பாடம் சரியாக நடத்தாத ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது?' மூணு நாள் அவரு வகுப்புல பின்னாடி போயி சும்மா ஒக்காரணும். நாலு பேரு முன்னாடி ஒண்ணும் சொல்லக் கூடாது. தனியாக் கூப்பிட்டு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்தச் சொல்லணும். அடுத்த வாரம் மறுபடி போயி ஒக்காரணும். ஜெபக்குமார் சார் ஒரு வரி விடாம எழுதியிருந்தாரு. யாரு படிச்சிருக்கணுமோ அவங்க இங்க எட்டாப்புக்குக் கணக்கு நடத்திக்கிட்டு இருந்தாங்க. யாருக்குச் செஞ்சிருக்கணுமோ அவரு அங்க மொத வரிசையில ஒக்காந்து அதைக் காப்பி எடுத்துக்கிட்டு இருந்தாரு. ஒரு தடவைகூட அவரு வகுப்புல போயி யாரும் ஒக்காரல. ஸ்டாஃப் ரூம்ல சிரிச்சதோட சரி.

டீச்சர் நோட்டை மூடி வச்சுட்டு அழுதாங்க. துக்கத்துல இல்ல, ஆத்திரத்துல. முக்காவாசி ஆத்திரம் தன் மேலயே.

மறு வாரம் நாலாப்பு எடுக்குற இலக்கியா டீச்சரைக் கூட்டிக்கிட்டு கண்மாய்க்குப் போனாங்க. இலக்கியா சேந்து மூணு வருஷம்தான் ஆகுது, கெட்டிக்காரப் பொண்ணு. கரையில அறுபது எழுபது பொம்பளைங்க மம்பட்டியைப் போட்டுட்டு வந்து சுத்தி ஒக்காந்தாங்க. கேள்வி மேல கேள்வி. இங்கிலீஷ் எத்தனாப்புலருந்து, கக்கூஸுல தண்ணி வருதா, கம்ப்யூட்டரைத் தொட விடுவீங்களா. ஒரு அம்மா எந்திரிச்சு, "எம் மகனை வேன்ல ஏத்தி விட்டு அஞ்சு வருஷம் ஆச்சு டீச்சர். அப்ப ஒரு தடவை இப்படி வந்து பேசியிருந்தா ஏத்தியிருக்கவே மாட்டேன்" அப்படின்னுச்சு. டீச்சர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அந்த மாசம் ரெண்டே ரெண்டு பிள்ளைக திரும்பி வந்துச்சு.

ஆகஸ்ட்ல கடுதாசி வந்துச்சு. அதே பயிற்சி, இந்த வருஷம் பத்து நாள், திருச்சியில தங்கிப் படிக்கணும். ஜெபக்குமார் சார் சாப்பாட்டு நேரத்துல ஸ்டாஃப் ரூமுக்கே கொண்டாந்து, "யாரு போறீங்க?" அப்படின்னாரு.

ஒருத்தரு மூஞ்சியை ஒருத்தரு பாத்தாங்க. ஒண்ணாப்பு ஹேமா டீச்சர் பேரை ரெண்டு பேரு சொன்னாங்க. ஹேமாவுக்கு மாமியார் வீடு திருச்சிதான், தங்குறதுக்கும் சௌகரியம், ஒண்ணாப்புதானே, சமாளிச்சுக்கலாம்.

"நான் போறேன்" அப்படின்னாங்க சுடர்விழி டீச்சர்.

இலக்கியா பதறிப் போச்சு. "அக்கா, நீங்க போனா எட்டாப்பு நின்னுடுமே?"

டீச்சர் இலக்கியாவைத் திரும்பிப் பாத்தாங்க. "நிக்கட்டும்."

ரூம்ல மத்தவங்களுக்குக் கேட்டுச்சோ என்னவோ, அவ்வளவு மெதுவா வந்துச்சு. ஆனா எல்லாரும் சோத்துல வச்ச கையை எடுத்துட்டாங்க.

"எட்டாப்புக் கணக்கை ஹெச்.எம். பாத்துக்கிடட்டும். தெரியலன்னா என்கிட்ட போன்ல கேக்கட்டும். நான் பத்து நாள் இல்லாம இந்தப் பள்ளிக்கூடம் நின்னுடும்னா, இருபத்திரெண்டு வருஷம் நான் இங்க என்னத்த நடத்துனேன்? அடுத்த வருஷம் ஒம் பேரு, இலக்கியா. நாலாப்பு நின்னுடும்னு எவங்களாச்சும் சொன்னா எங்கிட்ட வரச் சொல்லு."

ஜெபக்குமார் சார் படிவத்தை மேசையில வச்சு, பழக்க தோஷத்துல டீச்சர் பக்கம் தள்ளி விட்டாரு. "எழுதிடுங்க டீச்சர், நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

டீச்சர் அதைத் தொடல. "இந்தத் தடவை நீங்க எழுதுங்க சார்."

சார் பேரை எழுதுனாரு, வயசை எழுதுனாரு, பாடம் எழுதுனாரு. கீழ இருந்த கட்டத்துக்கிட்ட வந்ததும் பேனா நின்னுச்சு. "இதுல என்ன எழுதட்டும்?"

டீச்சர் எந்திரிச்சுப் போயி ஆபீஸ் ரூம் அலமாரியில இருந்து அந்தத் தடிமன் ஃபைலை எடுத்துக்கிட்டு வந்து, அவரு முன்னாடி தெறந்து வச்சாங்க.

"பதினோரு தடவை நான் எழுதியிருக்கேன். பாத்து எழுதுங்க."

சார் பாத்து எழுதுனாரு, ஒவ்வொரு வார்த்தையா. கடைசியில புள்ளி வைக்கிற வரைக்கும் டீச்சர் பக்கத்துலயே நின்னாங்க.